மாமனாரின் ஸ்பீக்கர் மறுபடியும் பேசியது!

எங்கள் வீட்டில் ஆறு மாதமாக நடந்த டி.வி. சண்டையையும், அது முடிந்த விதத்தையும் சகோதரிகளுடன் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன். என்னைப் போலவே தவறு செய்துகொண்டிருக்கும் யாருக்காவது உபயோகப்பட்டால் சந்தோஷம்.

பழைய டி.வி. பழுதானதால், சுவரில் மாட்டும் 43 அங்குல டி.வி. வாங்கினோம். படம் கண்ணாடி மாதிரி பளிச்சென்று இருந்தது. ஆனால் என் மாமியாருக்கு (வயது 76) மட்டும் திருப்தி இல்லை. "படம் நல்லாத்தான் இருக்கு. என்ன பேசறாங்கன்னுதான் புரியலை" என்பார். நான் சத்தத்தைக் கூட்டுவேன். "இரையுது, குறைம்மா" என்பார். குறைத்தால், "கேட்கலை" என்பார். பிள்ளை பரீட்சைக்குப் படிக்கும் நேரம். ஒரு நாள் பொறுமை இழந்து, "உங்களுக்கு என்னதான் அத்தை வேணும்?" என்று கத்திவிட்டேன்.

அன்றிலிருந்து அவர் டி.வி. முன் உட்காருவதையே விட்டுவிட்டார். சாயங்காலமானால் திண்ணையில் தனியாக உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். வீம்பு என்று நானும் விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு காது டாக்டரிடம் அழைத்துப் போனபோதுதான் விஷயம் புரிந்தது. வயதாகும்போது முதலில் கீச்சென்ற மெல்லிய ஒலிகள்தான் காதில் விழாமல் போகுமாம். 'ச', 'ட', 'த' போன்ற எழுத்துக்களின் ஒலி மங்கிவிடும். அதனால் சத்தம் கேட்கும், வார்த்தை புரியாது. அத்தை சொன்னது வீம்பு இல்லை, நிஜம்! டாக்டர் காது மெஷினுக்கும் எழுதிக் கொடுத்தார். கூடவே, "டி.வி. சத்தம் அவங்க பக்கத்திலிருந்து வர்ற மாதிரி பண்ணுங்க" என்றார்.

டி.வி. வாங்கிய கடையில் கேட்டோம். "சவுண்ட் பார் வாங்கிடுங்கம்மா" என்று 15,000 ரூபாய் விலை சொன்னார்கள். வீட்டில் ஏற்கெனவே ஒரு ஆம்ப்ளிஃபயரும் இரண்டு மர ஸ்பீக்கர் பெட்டிகளும் இருந்தன. என் மாமனார் சென்னை ரிச்சி தெருவில் பாகங்கள் வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து அவரே செய்தது. "அதுல சேர்க்க முடியாதா?" என்றேன். "அதெல்லாம் பழசு, இதுக்குச் செட் ஆகாது" என்று சிரித்தார் கடைக்காரர். அந்த வாரமே அதைப் பழைய பேப்பர்காரருக்குப் போட எடுத்து வைத்தேன். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையால் பெட்டியின் மேலிருந்த தூசியைத் துடைத்துவிட்டுப் போனார். அதைப் பார்த்ததும் எனக்கு மனசு வரவில்லை.

அடுத்த தெருவில் ரேடியோ, டி.வி. ரிப்பேர் பார்த்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். மாமனாரின் சிநேகிதர். அவரிடம் போய்க் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

புது டி.வி.க்களில் ஸ்பீக்கர் சின்னது. பெரும்பாலும் கீழே பார்த்தோ, பின்னால் சுவரைப் பார்த்தோ இருக்கும். பேச்சு நேராக நம்மிடம் வராமல் சுவரில் மோதித்தான் வரும். அந்தக் காலத்தில் படத்துக்கு மஞ்சள் ஒயர், சத்தத்துக்கு சிவப்பு, வெள்ளை ஒயர் என்று தனித்தனி. இப்போது எச்.டி.எம்.ஐ. என்ற ஒரே ஒயரில் இரண்டும் சேர்ந்து வருகின்றன. பழைய ஆம்ப்ளிஃபயருக்கு அந்த பாஷை புரியாது. சத்தத்தை மட்டும் பிரித்து, அதற்குப் புரிகிற மாதிரி மாற்றித் தர ஒரு சின்னப் பெட்டி போதும். கடையில், 'எச்.டி.எம்.ஐ. ஆடியோ எக்ஸ்ட்ராக்டர்' என்று கேட்க வேண்டும். தீப்பெட்டி இரண்டைச் சேர்த்து வைத்த அளவுதான். எங்களுக்கு 1,100 ரூபாய் ஆனது.

"வாங்கறதுக்கு முன்னாடி டி.வி., செட்-டாப் பாக்ஸ் ரெண்டுக்கும் பின்னால பாரும்மா. சிவப்பு-வெள்ளை ஓட்டையோ, ஹெட்போன் ஓட்டையோ இருந்தா வெறும் ஒயரே போதும்" என்றும் சொன்னார். எங்களுடையதில் இரண்டும் இல்லை.

இணைக்கும் முறை இதுதான். முதலில் எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட வேண்டும். செட்-டாப் பாக்ஸிலிருந்து வரும் எச்.டி.எம்.ஐ. ஒயரைப் பெட்டியின் 'இன்' பக்கம் செருகி, 'அவுட்' பக்கத்திலிருந்து இன்னொரு ஒயரை டி.வி.க்குக் கொடுக்க வேண்டும். பெட்டியிலிருந்து சிவப்பு, வெள்ளை பின் இரண்டையும் ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்க வேண்டும். பெட்டிக்கு மின்சாரம், கூடவே வரும் சின்ன ஒயரில். ஆம்ப்ளிஃபயர் திருகைக் குறைத்து வைத்த பிறகே ஸ்விட்ச் போட வேண்டும்.

நான் இன், அவுட் மாற்றிச் செருகிவிட்டேன். திண்ணையிலிருந்து எட்டிப் பார்த்த அத்தை, "இப்ப படமும் போச்சா?" என்றார்! சரியாக மாற்றியதும் படம் வந்தது, சத்தம் வரவில்லை. பெரியவருக்கு போன் செய்தேன். பெட்டியின் ஓரத்தில் உள்ள சின்ன ஸ்விட்சை '2 சிஎச்' என்ற இடத்தில் வைத்து, செட்-டாப் பாக்ஸின் ஆடியோ செட்டிங்கில் 'பி.சி.எம்.' என்று மாற்றச் சொன்னார். தியேட்டருக்கான பல ஸ்பீக்கர் சத்தத்தை இரண்டு ஸ்பீக்கருக்கு இறக்குவதற்காம். மாற்றினேன். கணீரென்று செய்தி வாசிக்கும் குரல் வந்தது!

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். டி.வி.யிலேயே யூடியூப் போட்டால் இந்த வழியில் சத்தம் வராது. செட்-டாப் பாக்ஸிலிருந்து வருவது மட்டுமே பிரியும். டி.வி.யிலிருந்தும் வேண்டுமென்றால் 'ஏ.ஆர்.சி.' வசதி உள்ள பெட்டியாகக் கேட்டு வாங்க வேண்டும். உங்கள் டி.வி.யிலும் அந்தப் பெயர் போட்ட ஓட்டை இருக்க வேண்டும். சேராவிட்டால் திருப்பித் தரலாமா என்று கேட்டு, பில்லையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஸ்பீக்கரை அத்தையின் நாற்காலிக்கு அருகில், காது உயரத்துக்கு ஸ்டூலில் வைத்தோம். டி.வி.யின் சொந்தச் சத்தத்தை அணைத்துவிட்டோம். இப்போது குறைந்த சத்தத்திலேயே அவருக்குப் புரிகிறது. பிள்ளையும் உள்ளே நிம்மதியாகப் படிக்கிறான். ரிமோட் பட்டன்களைக் கண்டாலே மிரளும் அத்தை, ஆம்ப்ளிஃபயர் திருகைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்கிறார். "இந்தத் திருகு உன் மாமா பொருத்தினது" என்று அன்று நாலு தடவை சொல்லிவிட்டார்.

கிட்டத்தட்ட பதினாலாயிரம் மிச்சமானது பெரிதல்ல, சகோதரிகளே. "புரியலை" என்று பெரியவர்கள் சொன்னால், சத்தத்தைக் கூட்டாமல், என்ன புரியவில்லை என்று ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். நான் அதை ஆறு மாதம் தாமதமாகக் கேட்டேன்.

— ஒரு வாசகி, கும்பகோணம்.