90 நாள் கடிகாரம்

காட்டுப்பாக்கத்தில் ஒருவர் 20 லட்சம் ரூபாய் கடனில் வீடு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தவணைகூட அவர் தவறவில்லை. ஆனாலும் அந்தக் கடன் கெட்டுப்போகலாம் என்றெண்ணி, வங்கி இப்போதே 5,000 ரூபாயைத் தனியாக எடுத்து வைத்திருக்கும். நூற்றுக்கு 25 காசு. ரிசர்வ் வங்கியின் விதி. கடுகு டப்பாவுக்குள் போட்டுவைக்கும் காசு போன்ற இதற்கு 'ஒதுக்கீடு' என்று பெயர்.

தவணை தவறினால் கடிகாரம் ஓடத் தொடங்கும். முப்பது முப்பது நாளாக மூன்று படிகள். 90 நாள் தாண்டினால் அது 'வாராக்கடன்'. அன்றே ஒதுக்கீடு நூற்றுக்கு 15 ரூபாயாகிறது: 5,000 இருந்த இடத்தில் 3 லட்சம். அறுபது மடங்கு! அத்தனையும் வங்கியின் லாபத்திலிருந்து போகிறது. 60 நாள் கடந்ததும் போன் ஓயாமல் அடிப்பது இதனால்தான். 90 தாண்டியபின் ஒரு தவணை கட்டினால் போதாது. நிலுவை முழுவதும் தீர்ந்தால்தான் கணக்கு பழைய நிலைக்குத் திரும்பும்.

அடமானச் சொத்தை விற்க முன்பெல்லாம் வழக்குப் போட வேண்டும். 2002இல் வந்த சர்ஃபேசி சட்டம் அதை மாற்றியது. வங்கி 60 நாள் கெடு கொடுத்து நோட்டீஸ் அனுப்பும். பிறகு வீட்டைக் கையகப்படுத்தி, அதை இரண்டு நாளிதழ்களில் அறிவிக்கும். கடன் வாங்கியவர் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். ஏலத்தில் பாக்கியும் செலவும் போக மிஞ்சும் பணம் வீட்டுக்காரருக்கே.

பாக்கி தேறாவிட்டால் வங்கி அதைக் கணக்கேட்டிலிருந்து நீக்கும். இது தள்ளுபடி அல்ல. ஏட்டில்தான் கடன் இல்லை. வசூலிக்கும் உரிமை அப்படியே இருக்கிறது.

எல்லாம் நொடித்தவருக்கு 'மஞ்சள் நோட்டீஸ்' என்று ஊர் சொல்லும் திவால் மனு. நிறுவனங்களுக்கு 2016இல் புதுச் சட்டம் வந்துவிட்டது. சாதாரண மனிதர்களுக்கோ இன்னும் பழைய சட்டம்தான்: சென்னை நகருக்கு 1909ஆம் ஆண்டுச் சட்டம், திருவள்ளூர் மாவட்டத்துக் காட்டுப்பாக்கத்துக்கு 1920ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி 500 ரூபாய் கடனிருந்தாலே மனுப் போடலாம்! நீதிமன்றம் அவருடைய சொத்தைக் கைக்கொண்டு கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிடும். பின்னர் அவரைக் கடனிலிருந்து விடுவிக்கவும் செய்யும். வீட்டை அடமானம் பிடித்த வங்கி மட்டும் இந்த வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

5,000 ரூபாய் 3 லட்சமாவதற்கு முன்னுள்ள அந்த 90 நாளில்தான் இரு தரப்புக்கும் இழப்பு குறைவு. வங்கியிடம் மனம்விட்டுப் பேச வேண்டிய நாட்களும் அவைதான்.