கைப்பைக்குள் எடிட்டிங் ரூம்! வாடகைதான் தலைவலி!

முகூர்த்த மாதம் பிறந்தால் வடபழனி, சாலிகிராமம் பக்கம் சில மாடி அறைகளில் விடிய விடிய விளக்கு எரியும். கல்யாண வீடியோ எடிட்டிங் நடக்கும் அறைகள் அவை.

மாப்பிள்ளையும் பெண்ணும் மறுவீடு போய் வருவதற்குள், "என்ன தம்பி, வீடியோ ரெடியா?" என்று போன் வந்துவிடும்.

இப்போது அந்த அறையையே கைப்பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்ப முடிகிறது. மண்டபத்து மூலையில் உட்கார்ந்து, கடைசிப் பந்தி எழுவதற்குள் மூன்று நிமிட வீடியோவை வெட்டி, பாட்டுச் சேர்த்து, உறவுக்காரர்கள் போனுக்கு அனுப்பிவிடலாம்.

இதைச் செய்வது ஸ்லேட்டுப் பலகை அளவுள்ள டேப்லெட்! ஆனால் தவணையில் வாங்கத் துடிக்கும் இளைஞர்கள் முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

கத்தரித்து ஒட்டிய காலம்

சினிமா பிலிமில் ஓடிய நாளில், 1000 அடி ரீல் ஒன்று 11 நிமிடம்தான் ஓடும். அதை மூவியோலாவில் ஓட்டிப் பார்த்து, வெட்டி, ஒட்டுவார்கள். வெட்டிய துண்டுகள் அறை முழுக்கத் தொங்கும்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. 1994-ல் வெளியான கமல்ஹாசனின் ‘மகாநதி’ படத்துக்கே ‘ஆவிட்’ என்ற கம்ப்யூட்டர் முறை கைகொடுத்தது. அந்தக் கம்ப்யூட்டருக்கும் ஒரு ஏ.சி. அறை தேவைப்பட்டது.

டேப்லெட்டில் ‘லூமாபியூஷன்’ 2016-லேயே வந்துவிட்டது. 2022 டிசம்பரில் ‘டாவின்சி ரிசால்வ்’ வந்தது. 2023 மே 23-ந் தேதி ஆப்பிள் கம்பெனி, வீடியோவுக்கு ‘பைனல் கட் புரோ’, இசைக்கு ‘லாஜிக் புரோ’ இரண்டையும் ஐபேடில் இறக்கியது. தொழில்காரர்கள் திரும்பிப் பார்த்தது அப்போதுதான்.

நாலு கேமரா!

திரையில் தெரியும் சக்கரத்தை விரலால் சுழற்றினால் படம் முன்னே, பின்னே நகரும். பென்சிலால் படத்தின் மேலேயே எழுதலாம்.

2024-ல் வந்த அடுத்த பதிப்பில் நாலு போன்களை நாலு மூலையில் வைத்து, அத்தனையையும் ஒரே டேப்லெட்டில் பார்த்தபடி பதிவு செய்யும் வசதி சேர்ந்தது. மணமேடைக்கு ஒன்று, வாசலுக்கு ஒன்று, நாதஸ்வரத்துக்கு ஒன்று, பந்திக்கு ஒன்று!

லாஜிக் புரோவின் புதிய பதிப்போ முழுப் பாட்டிலிருந்து பாடகர் குரலையும் டிரம்ஸ் ஒலியையும் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கும்.

சொந்தமில்லை, வாடகை!

சிக்கல் விலையில் இருக்கிறது. மேக் கம்ப்யூட்டரில் பைனல் கட் புரோவை சுமார் 300 டாலருக்கு ஒரே தடவையில் வாங்கிக்கொள்ளலாம். டேப்லெட்டில் அப்படி இல்லை. சந்தா கட்ட வேண்டும்.

2023-ல் வந்தபோது ஒரு ஆப்புக்கு மாதம் 499 ரூபாய். வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் 4,999 ரூபாய். மாதாமாதம் கட்டினால் வருஷத்துக்கு 5,988 ரூபாய் ஆனது. வீடியோ, இசை இரண்டும் வேண்டுமென்றால் அப்போது இருமடங்கு.

"மாதச் சந்தாதானே, ஒரு கல்யாணத்துல எடுத்துரலாம்" என்று தோன்றும். ஆனால் ஆடியும் மார்கழியும் உண்டே! முகூர்த்தமில்லாத மாதத்திலும் கட்டணம் நிற்காது. கட்டாமல் விட்டால் வேலை செய்ய முடியாது.

வாடகையை மாற்றுவது வீட்டுக்காரர் கையில்தானே? 2026 ஜனவரியில் ஆப்பிள், இந்த இரண்டோடு வேறு சில ஆப்களையும் சேர்த்து ஒரே சந்தாவாகக் கட்டிவிட்டது.

பழசு வாங்காதீங்க!

பழைய டேப்லெட் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் ஏமாற்றம்தான். 2023-ல் வந்தபோது பைனல் கட் புரோவுக்கு எம்-1 சிப் அல்லது அதற்குப் பின் வந்த சிப் இருந்தே ஆக வேண்டியிருந்தது. "எந்த சிப்பு?" என்று கேட்காமல் பணத்தை எடுக்கக் கூடாது.

இடமும் பார்க்க வேண்டும். போனில் சாதாரணமாக எடுக்கும் 4கே வீடியோ நிமிடத்துக்குச் சுமார் 170 எம்.பி. பிடிக்கும். அதையே தொழில்முறை ‘புரோரெஸ்’ வகையில் எடுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 6 ஜி.பி.! 128 ஜி.பி. டேப்லெட் 20 நிமிடத்தில் நிரம்பிவிடும். காசி யாத்திரை முடிவதற்குள் இடம் காலி!

மாற்று வழி உண்டு

டாவின்சி ரிசால்வ் இலவசமாகவே கிடைக்கிறது. கூடுதல் வசதிகள் வேண்டுவோர் மட்டும் பணம் கட்டினால் போதும். லூமாபியூஷனை ஒரே தடவை பணம் கொடுத்து வாங்கலாம்.

முதலில் இலவசத்தில் பழகி, கையில் நாலு கல்யாண ஆர்டர் வந்தபின் சந்தாவைப் பற்றி யோசிப்பதே புத்திசாலித்தனம்.

பெண்ணின் அப்பா ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வதை எந்த ஆப்பும் தேடிப் பிடித்துக் கொடுக்காது. கேமராக்காரர்தான் பார்க்க வேண்டும். அந்தக் கண் உள்ளவருக்கு இலவச ஆப்பே போதும். தவணை பயமும் இல்லை!