கடலில் மிதக்க ஒரு சட்டை: வாங்கும் முன் யோசியுங்கள்!

தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்தவர்களைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. குளிப்பவன் ஒரு கல்லின் பாரத்தில் கடலுக்குள் இறங்குவான். மூச்சு முட்டும் நேரத்தில் அவனை மேலே கொண்டுவருவது, படகில் இருப்பவன் கையில் உள்ள கயிறு. அந்தக் கயிற்றை மைத்துனன்தான் பிடிக்க வேண்டும் என்பார்கள். உடன்பிறந்தவள் தாலி இழக்க அவன் சம்மதிப்பானா?

கல் கீழே கொண்டு போனது. கயிறு மேலே கொண்டு வந்தது. இன்று முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் போகும் ஸ்கூபாக்காரர்களுக்கும் இந்த இரண்டும் வேண்டும். கல்லுக்குப் பதிலாக ஈயக் கட்டிகள். கயிற்றுக்குப் பதிலாக, காற்று நிரப்பிக்கொள்ளும் ஒரு சட்டை. 'பி.சி.டி.' என்று இதைச் சொல்கிறார்கள். நாம் மிதப்புச் சட்டை என்று வைத்துக்கொள்வோம்.

பெங்களூரில் வேலை பார்க்கும் நம் இளைஞர்கள் பலர் விடுமுறைக்கு முருடேசுவரம் போகிறார்கள். அங்கிருந்து படகில் சுமார் 19 கிலோ மீட்டர் சென்றால் நேத்ராணி தீவு. பாறைகளும் வண்ண மீன்களும் நிறைந்த இடம். ஒரு முறை ருசி கண்டவர்கள், முறையாகப் பயிற்சி பெற்றுச் சான்றிதழும் வாங்கிவிடுகிறார்கள். அடுத்து வருவது, "சொந்தமாக ஒரு சட்டை வாங்கினால் என்ன?" என்ற யோசனை.

விலையோ சில பத்தாயிரம் ரூபாய். மாதச் சம்பளக்காரர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடிய பொருள் அல்ல. எனவே கொஞ்சம் கவனமாகப் பார்ப்போம்.

காது வரை ஏறிய சட்டை

முதலில் என் அனுபவம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தீவின் அருகே வாடகைச் சட்டையுடன் கடலில் இறங்கினேன். அது எனக்கு இரண்டு அளவு பெரியது. "தண்ணிக்குள்ள போனா சரியாயிடும் சார்" என்றார் படகில் இருந்த உதவியாளர்.

கீழே இருந்தவரை குறை தெரியவில்லை. மேலே வந்து சட்டையில் காற்றை நிரப்பியதும்தான் வினை வந்தது. சட்டை மிதந்தது; நான் அதற்குள் தொங்கினேன்! தோள்பட்டை காது வரை ஏறிவிட்டது. வாய் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே. ஒவ்வோர் அலையும் முகத்தில் அடித்தது. மூச்சுக் குழாயைத் திரும்ப வாயில் கவ்விக்கொண்டதால் படகு வரும் வரை தாக்குப்பிடித்தேன்.

அன்று தெரிந்துகொண்டேன்: சட்டையின் விலையோ பெயரோ உயிரைக் காப்பதில்லை. அளவுதான் காக்கிறது.

சட்டையின் வேலை என்ன?

கடலில் மூழ்குபவர் ரப்பர் உடை அணிகிறார். அதில் கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழ்கள் நிறைய உண்டு. ஆழம் போகப் போக, நீரின் அழுத்தம் அவற்றை நசுக்குகிறது. உடையின் மிதக்கும் சக்தி குறைகிறது. ஆள் மேலும் மேலும் கனத்து இறங்குகிறார். அப்போது பொத்தானை அழுத்தி, சிலிண்டரிலிருந்து சிறிது காற்றைச் சட்டைக்குள் விட்டால், ஏறாமல் இறங்காமல் மீனைப் போல் அந்தரத்தில் நிற்கலாம்.

மேலே வரும்போது கதை தலைகீழ். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் உள்ளதைப் போல் இரண்டு மடங்கு. அங்கே சட்டையில் 1 லிட்டராக இருந்த காற்று, நீர்மட்டத்துக்கு வரும்போது 2 லிட்டராகப் பெருகிவிடும். வழியில் அதைத் திறந்து விடாவிட்டால் சட்டை உப்பி, ஆளை வாணம் போல் மேலே தூக்கிவிடும். பயத்தில் மூச்சையும் அடக்கிக்கொண்டால் நுரையீரல் கிழியும் அபாயம் உண்டு.

எனவே காற்றை நிரப்பும் வசதியைவிட, வெளியேற்றும் வசதி முக்கியம். தோளிலும் இடுப்பின் பின்புறத்திலும் உள்ள வால்வுக் கயிறுகள் பார்க்காமலேயே கைக்கு எட்ட வேண்டும்.

இன்னொன்று. இது கப்பலில் தரும் உயிர்காப்புச் சட்டை அல்ல. மயங்கியவரின் முகத்தை மேல்நோக்கித் திருப்பி வைக்கும் என்று நம்பக் கூடாது. பக்கத்தில் துணையாள் இருந்தே ஆக வேண்டும்.

மூன்று வகை

பிரான்சில் குஸ்டோவும் காஞ்யானும் 1943-ல் ஸ்கூபா சுவாசக் கருவியை உருவாக்கியபோது இப்படி ஒரு சட்டையே கிடையாது. 1960-களில் கழுத்தில் மாட்டும் காற்றுப் பை வந்தது. 1971-ல் ஸ்கூபாப்ரோ நிறுவனம் கைகளை நுழைத்து அணியும் சட்டையைக் கொண்டுவந்தது. இன்று கடைகளில் முக்கியமாக மூன்று வகைகளைக் காணலாம்.

முதல் வகை, சாதாரண ஜாக்கெட். காற்று முதுகிலும் விலாவிலும் பரவி நிற்கும். நீர்மட்டத்தில் ஆளை நிமிர்த்தி மிதக்க வைக்கும். புதியவர்களுக்குப் பழக எளிது. எடை 3½ முதல் 4½ கிலோ வரை இருக்கும்.

இரண்டாவது, காற்றுப் பை முதுகில் மட்டும் உள்ள வகை. மார்பு இறுகாது, நீருக்குள் உடல் படுக்கைவசமாக நிற்கும். ஆனால் மேலே வந்து நிறையக் காற்றை நிரப்பினால் முகத்தை முன்னால் தள்ளும். சற்றே பின்னால் சாய்ந்துகொள்ளப் பழக வேண்டும். இதிலேயே உலோகத் தகடும் வார்ப்பட்டையும் கொண்டதும் உண்டு. பல ஆண்டுகள் உழைக்கும். எஃகுத் தகடு மட்டும் ஏறத்தாழ 2½ கிலோவுக்கு மேல். அலுமினியத் தகடானால் சுமார் 1 கிலோ.

மூன்றாவது, பயணச் சட்டை. மெல்லிய துணி, குறைந்த வளையங்கள், சுருட்டி வைக்கும் வசதி. எடை 2 முதல் 2½ கிலோ. பாறையில் தொடர்ந்து உரசினால் தடித்த துணியைப் போல் தாங்காது.

எவ்வளவு தூக்க வேண்டும்?

"20 கிலோ தூக்கும், 25 கிலோ தூக்கும்" என்று விற்பனையாளர் சொல்லுவார். நமக்கு அவ்வளவு வேண்டுமா? ஒரு கணக்குப் போடுவோம்.

நேத்ராணியிலும் அந்தமானிலும் தண்ணீர் வெதுவெதுப்பானது. 3 மில்லி மீட்டர் ரப்பர் உடை போதும். ஆழத்தில் அது இழக்கும் மிதப்பு சுமார் 2 கிலோ. வழக்கமாகத் தரும் அலுமினிய சிலிண்டரில் அடைத்த காற்றின் எடை சுமார் 2½ கிலோ. நீர்மட்டத்தில் தலையை வெளியே தூக்கி நிறுத்த 4 முதல் 5 கிலோ. கூட்டினால் 9 கிலோ சொச்சம். ஆகவே 12 முதல் 14 கிலோ தூக்கும் சட்டை நம் கடலுக்குத் தாராளம்.

ஆனால் இடுப்பில் தேவைக்கு மேல் ஈயத்தைக் கட்டிக்கொண்டால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும். அதிக ஈயம், அதற்கு ஈடாக அதிகக் காற்று, அதனால் தடுமாற்றம். ஈயத்தைச் சரிசெய்துகொள்ளாதவருக்கு எந்தச் சட்டையும் உதவாது.

நமக்கு உள்ளூரே வெளியூர்தான்

உள்ளூர்க் கடலுக்குக் கனமான சட்டை, வெளியூர்ப் பயணத்துக்கு லேசான சட்டை என்று சொல்வது வழக்கம். கடற்கரையில் வீடு உள்ளவருக்கு அது பொருந்தும். பெங்களூர்வாசிக்கு ஏது உள்ளூர்க் கடல்? முருடேசுவரம் போகவே ஓர் இரவுப் பயணம். மழைக்காலத்தில் நேத்ராணிக்குப் படகும் கிடையாது. அந்தமானுக்கோ விமானம், அங்கிருந்து ஹாவ்லாக் எனப்பட்ட சுவராஜ் தீவுக்குப் படகு.

உள்நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்புக்குப் பெரும்பாலும் 15 கிலோ சுமைதான் இலவசம். சுவாசக் கருவி, துடுப்புக் காலணி, முகக் கண்ணாடி, ரப்பர் உடை எல்லாம் சேர்ந்தால் 6 கிலோவைத் தாண்டும். அதோடு 4 கிலோ சட்டை என்றால் துணிமணிக்கு என்ன மிஞ்சும்? சிலிண்டரும் ஈயமும் போகிற இடத்தில் கிடைக்கும். சட்டைதான் நம் தோளில் ஏறுகிறது.

ஆகவே நம்மைப் போன்றவர்களுக்கு 2½ கிலோ அளவிலான பயணச் சட்டையோ, அலுமினியத் தகடு வைத்த வகையோ இரண்டு இடத்துக்கும் ஒத்து வரும். ஒரே நிபந்தனை: உடம்புக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். லேசான சட்டை பொருந்தாமல், கனமான சட்டை பொருந்தினால், கனமானதையே வாங்குங்கள். ஒன்றரைக் கிலோவுக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.

ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை மட்டும் மூழ்குபவர் வாங்கவே வேண்டாம். நல்ல முகக் கண்ணாடி ஒன்றை மட்டும் சொந்தமாக வாங்கிக்கொண்டு, சட்டையை வாடகைக்கு எடுக்கலாம். அந்தச் சாக்கில் மூன்று வகையையும் அணிந்து பார்த்துவிடலாம்.

கடையில் செய்ய வேண்டியவை

ரப்பர் உடையைப் போட்டுக்கொண்டு, அதன் மேல் சட்டையை அணியுங்கள். காற்றை முழுதாக நிரப்புங்கள். நெஞ்சு இறுகி மூச்சு வாங்கினால் சிறியது. நண்பரை விட்டுத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். காதுக்கு ஏறினால் பெரியது. பெண்களுக்கென்று தனியாகத் தைத்த சட்டைகளும் உண்டு.

சிலிண்டரைப் பிடிக்கும் பட்டை பயணச் சட்டைகளில் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். நனைந்ததும் அது தளரும். எனவே நனைத்த பிறகே இறுக்க வேண்டும். ஈயப் பைகள் அவசரத்தில் ஒரே இழுப்பில் கழல வேண்டும். தானாகக் கழலக் கூடாது.

பழைய சட்டையானால், விறைப்பாகக் காற்றை நிரப்பி ஓர் இரவு வைத்துப் பாருங்கள். காலையில் தளர்ந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. மாற்று உறுப்புகள் நம் ஊரில் கிடைக்குமா என்றும் கேளுங்கள்.

உப்பு என்னும் எதிரி

வாங்கிய பின் பெரிய பகை உப்பு. பொத்தானில் உப்பு படிந்தால் அது அழுந்தியபடியே நின்று, காற்று நிற்காமல் புகுந்துகொண்டே இருக்கும். அப்படி நேர்ந்தால் குழாயை உடனே கழற்றி, காற்றை வெளியேற்ற வேண்டும். இதைக் கரையிலேயே பலமுறை பழகிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் வெளியே மட்டும் அல்ல, உள்ளேயும் அலசி, பாதி காற்றுடன் நிழலில் தொங்கவிடுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை தெரிந்தவரிடம் கொடுத்துப் பரிசோதியுங்கள்.

முத்துக் குளித்தவனுக்கு மைத்துனன் எப்படி அமைகிறானோ அப்படித்தான். நமக்கு அந்தக் கவலை இல்லை. நம் கயிற்றை நாமே பார்த்து வாங்கலாம். நாமே அலசிக் காயவைக்கலாம். அதில் மட்டும் சோம்பல் கூடாது!