ஊமத்தையும் ஓர் ஊசியும்

பழனிசெட்டிபட்டியிலிருந்து கம்பம் போகிற சாலையோரத்தில் ஊமத்தை பூத்திருந்தால் யாரும் நின்று பார்ப்பதில்லை. ஆடுகூட வாய் வைக்காத செடி. ஆனால் உலகில் முழு மயக்கத்தில் நடந்ததாகப் பதிவான மிகப் பழைய அறுவைகளில் ஒன்று இந்த ஊமத்தையால்தான் நடந்தது. அதுவும் மார்பகப் புற்றுக்கு.

1804 அக்டோபர் 13. ஜப்பானில் ஹனாவோகா சேய்ஷு என்ற மருத்துவர், ஊமத்தையோடு நாபியும் வேறு மூலிகைகளும் சேர்த்த மருந்தை 60 வயதுப் பெண்ணுக்குக் குடிக்கக் கொடுத்தார். அந்தப் பெண் உறங்கியபின் கட்டியை அறுத்தெடுத்தார். பாஸ்டனில் ஈதர் என்ற மயக்க மருந்தின் புகழ் பரவியது 1846-ல்தான். சரியான அளவைக் கண்டறிய ஹனாவோகாவின் தாயும் மனைவியும் அந்த மருந்தைக் குடித்தார்கள் என்றும், மனைவிக்குப் பார்வை போனது என்றும் சொல்கிறார்கள். செடிக்குச் செடி நஞ்சின் அளவு மாறும். அதே ஊமத்தையில் உள்ள அட்ரோபின் இன்று 0.6 மில்லிகிராம் ஆம்பூலாக ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறது. இதயத்துடிப்பு மிகவும் குறைந்தால் எடுப்பார்கள்.

இன்று மார்பக அறுவை என்றால், “முழு மயக்கமா, மரத்துப்போகும் ஊசியா?” என்று வீட்டார் கேட்பார்கள். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்துதான். மார்பக வலியைக் கொண்டுபோகும் நரம்புகளில் பெரும்பகுதி முதுகெலும்பிலிருந்து விலா இடுக்குகள் வழியே வருகின்றன. முதுகெலும்பின் ஓரத்திலேயே மருந்தைச் செலுத்தி அவற்றை மரக்கவைக்கலாம். ஆனால் நுரையீரலின் உறை அங்கே மிக அருகில் இருக்கிறது. ஊசி தவறினால் காற்று புகுந்து நுரையீரல் சுருங்கும். 2011-ல் ரஃபேல் பிளாங்கோ என்ற மருத்துவர் வேறு வழி சொன்னார்: அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே மார்புத் தசைகளுக்கு இடையே மருந்தைப் பரப்புவது. வலி குறைந்தால் மார்ஃபின் வகை மருந்தும் குறையும், அதனால் வரும் குமட்டலும் குறையும். இப்படி நரம்பை மரக்கவைத்தால் புற்றுநோய் திரும்புவதும் குறையுமோ என்று ஒரு காலம் நம்பினார்கள். 2,100-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. வலி குறைவதே போதுமான காரணம் என்பேன்.

அறுவைக்கு முன்தினம் மயக்க மருத்துவர் கேட்பதெல்லாம் சம்பந்தமில்லாததுபோல் தோன்றும்: ஆடும் பல் உண்டா, ஆஸ்துமா உண்டா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்டா. எதையும் மறைக்கக் கூடாது. சாப்பாட்டை ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்வரை பொதுவாகப் பரவாயில்லை. மயக்கத்தில் வயிற்றிலிருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடக் கூடாதே!

போடிமெட்டு வளைவுகளில் பஸ்ஸில் போனால் வாந்தி வருமா என்பதும் நல்ல கேள்விதான். அப்படிப்பட்டவர்களுக்கு அறுவைக்குப் பிறகும் வாந்தி வர வாய்ப்பு அதிகம். ஆமென்றால், மயக்க வாயுவுக்குப் பதில் புரோபோஃபால் என்ற மயக்க மருந்தை ரத்தநாளம் வழியே சொட்டவிட்டு, வாந்தித்தடுப்பு மருந்தையும் தியேட்டரிலேயே போட்டுவிடுவார்கள்.