தைராய்டுக்குக் காவல் சமையலறையில்

ரோங்கலாப் சொன்ன பாடம்

1954 மார்ச் 1 அன்று மார்ஷல் தீவுகளில் அமெரிக்கா வெடிக்கச் செய்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், ரோங்கலாப் தீவின்மேல் வெண்பொடியாக உதிர்ந்தது. மக்களை அங்கிருந்து அப்புறப்படுத்த இரண்டு நாளாயிற்று. முதல் தைராய்டுக் கட்டி தெரிய வந்ததோ ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1963இல். குண்டு வெடித்தபோது பத்து வயதுக்குட்பட்டிருந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பின்னாளில் கட்டி வந்தது. நல்ல அயோடினையும் சாம்பலில் இருந்த கதிரியக்க அயோடினையும் தைராய்டு சுரப்பிக்குப் பிரித்தறியத் தெரியாது, கிடைப்பதை ஈர்த்துக்கொள்ளும். குழந்தையின் சுரப்பி சிறியது என்பதால் அதற்குப் பாதிப்பும் அதிகம்.

அந்தமானுக்கு என்ன தொடர்பு?

அந்தமான் நிக்கோபாரில் அணு உலை இல்லை. குண்டுச் சோதனையும் நடந்ததில்லை. ஆனால் பாடத்தின் மறுபாதி இங்கும் பொருந்தும். 1986 செர்னோபில் அணு உலை விபத்தை ஆராய்ந்தவர்கள், அயோடின் குறைந்த பகுதிக் குழந்தைகளுக்குக் கதிர்வீச்சால் வரும் தைராய்டுப் புற்றுநோய் அபாயம் சுமார் மூன்று மடங்கு என்று கண்டனர். பசித்த சுரப்பி நஞ்சையும் அள்ளி விழுங்குகிறது. விபத்தே நேராவிட்டாலும் அயோடின் குறைவு கழலையைத் தரும். கருவிலுள்ள சிசுவின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். எனவே கதிர்வீச்சுக்கு அஞ்சுபவரும் அஞ்சாதவரும் முதலில் பார்க்க வேண்டியது வீட்டு உப்பைத்தான்.

கடல் சூழ்ந்த ஊரில் குறையுமா?

மீன் இருக்க உப்பு எதற்கு என்பார்கள். மீனில் அயோடின் உண்டு. ஆனால் மீனுக்கு மீன் அளவு மாறும், எல்லோரும் தினமும் மீன் உண்பதுமில்லை. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் பெய்யும் மழை மண்ணின் அயோடினைக் கரைத்துக் கடலுக்கே கொண்டுபோகிறது. அயோடின் சேர்க்காத உணவு உப்பின் விற்பனைக்கு 2006 முதல் நாடெங்கும் தடை உண்டு. கிலோவுக்கு 15 மில்லிகிராம் அயோடினாவது கடை உப்பில் இருக்க வேண்டும். ஆனால் தீவின் ஈரக்காற்றில் திறந்து கிடந்து நீர்த்துப்போகும் உப்பு அதை இழந்துவிடும். மூடி இறுகிய ஜாடியும் உலர்ந்த கரண்டியும் அதனால்தான் அவசியம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதற்காக உப்பைக் கூட்ட வேண்டாம். உண்ணும் கொஞ்சமும் அயோடின் உப்பாக இருந்தால் போதும்.

ஃபுகுஷிமா அச்சம்

2011 ஃபுகுஷிமா அணு உலை விபத்தின் கதிரியக்க அயோடின் இன்னும் கடலில் இருக்குமோ என்ற ஐயத்துக்கு இடமில்லை. அயோடின்-131 எட்டு நாளுக்கொருமுறை பாதியாகும். எண்பது நாளில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். அப்படியானால் அங்கே குழந்தைகளிடம் அத்தனை புற்றுநோய்கள் கண்டறியப்பட்டது ஏன்? நுட்பமான ஸ்கேனை எல்லோருக்கும் எடுத்ததே காரணம் என்கிறது ஐ.நா. அறிவியல் குழு. ஆகவே அறிகுறியே இல்லாத எல்லோருக்கும் கழுத்து ஸ்கேன் தேவையில்லை. அரசு அறிவிக்காமல் அயோடின் மாத்திரை விழுங்குவதும் ஆபத்து. கழுத்தில் வீக்கமோ தீராத சோர்வோ இருப்பவர்கள் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகள் தைராய்டு பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். மற்றவர்களுக்கு உப்பு ஜாடியே போதும்.