கைத்தொலைபேசியின் உள்மென்பொருளை மாற்றுதல்

கட்டைபறிச்சானில் இருப்போர் கைத்தொலைபேசி பழுதுற்றால் மூதூருக்கோ திருகோணமலைக்கோ செல்ல வேண்டியிருப்பதால், அண்ட்ரோயிட் கருவியின் உள்மென்பொருளை வீட்டிலேயே மாற்றிவிடலாம் என்னும் ஆசை இளைஞர்க்கு எழுவது இயல்பே. அவ்வாறு மாற்றுதலைப் ‘பிளாஷ்’ செய்தல் என்பர்.

முதலில் ‘பூட்லோடர்’ என்னும் தொடக்க மென்பொருளின் பூட்டைத் திறத்தல் வேண்டும். திறந்ததும் கருவியிலுள்ள படங்கள் யாவும் அழிந்துபோம். திருடன் கையில் அவை சிக்காதிருக்க வேண்டுமென்றே செய்த ஏற்பாடு அது.

அதனினும் பெரிய இடர் வேலை நடுவில் நின்றுபோவதாகும். தொலைபேசிக்குத் தன் மின்கலம் உண்டு. கோப்பை அனுப்பும் மேசைக்கணினிக்கோ சுவர் மின்சாரமே கதி. 2025 பெப்ரவரி 9ஆந் திகதி இலங்கை முழுவதும் மின்சாரம் அற்றுப்போயிற்று. பாணந்துறை உபமின்நிலையத்தில் புகுந்த குரங்கொன்றே காரணம் என அமைச்சர் கூறினார். குரங்கு நாள் பார்த்து வருவதில்லை! தொடக்க மென்பொருள் பாதி எழுதப்பட்ட நிலையில் மின்சாரம் நின்றால், கருவி பின்னர் விழிக்காமலே போகலாம். அதனைச் ‘செங்கல்’ என அழைப்பது மிகையன்று.

பழைய பதிப்புக்கு மீள்வதும் எப்போதும் இயலாது. 2022இல் கூகுள் தன் பிக்சல் 6இல், அண்ட்ரோயிட் 13 ஏறியபின் முந்திய தொடக்க மென்பொருள் இயங்காதவாறு தடுத்தது.

விற்பனைப் பெயர் ஒன்றாயினும் மாதிரி இலக்கம் வேறாயிருக்கலாம். அறிந்தோர் அவ்விலக்கத்தை எழுத்தெழுத்தாக ஒப்பிட்ட பின்னரே கோப்பைத் தொடுவர்.