காப்புக்குக் கையெழுத்து வேண்டாம்

யாழ்ப்பாணத்து உடுவிலில் வெங்காயம் நடுகிற காலம் வந்தால் சில வீடுகளில் பெண்களின் கை வெறுங்கையாகிவிடும். காப்பு அடைவுக்குப் போய், விதை வெங்காயமாகவும் உரமாகவும் செம்மண்ணுக்குள் இறங்கியிருக்கும். விளைச்சலும் விலையும் கூடிவந்தால் மீட்கலாம். இல்லாவிட்டால் வட்டியை மட்டும் கட்டித் தவணையை நீட்டவேண்டியதுதான். தோட்டம் கணவனுடையதாக இருக்கலாம், காப்பு அவளுடையது. கேட்டுத்தான் வாங்கவேண்டும்.

சட்டமும் அவள் பக்கம்தான். 1707இல் ஒல்லாந்தத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுக்க, 12 முதலிமார் பார்த்துச் சரியென்றது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமை. அதன்மேல் வந்த 1911ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டப்படி, மணமான பெண் தன் அசையும் சொத்தைக் கணவனைக் கேளாமலே விற்கலாம். காணி என்றால் அவனுடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், அது அவளுடைய சொந்தச் சீதனக் காணியாக இருந்தாலும். இந்த ஓரவஞ்சனை எனக்கு உவப்பில்லை. ஆனாலும் பவுணில் நம் பெண்களுக்கு உள்ள பிடிப்பை வெறும் ஆசை என்று சிரிப்பவர்கள் இதை ஒருமுறை வாசிக்கவேண்டும்.

பழைய ஏதென்ஸில் இந்தளவும் இல்லை. ஒரு மெதிம்னோஸ், அதாவது ஏறக்குறைய 52 லீற்றர் வாற்கோதுமையின் பெறுமதிக்கு மேல் ஒரு பெண் தானாகக் கொடுக்கல் வாங்கல் செய்யமுடியாது. சீதனம் அங்கும் உண்டு. மணம் முறிந்தால் கணவன் அதைத் திருப்பவேண்டும். இழுத்தடித்தால் ஆண்டுக்கு 18 வீத வட்டி. ஆனால் வழக்குப் பேசுவது ஆண்கள்தான்.

நாவன்மையால் பேர்பெற்ற டெமொஸ்தெனீஸுக்கு 7 வயதில் தகப்பன் இறந்தார். தாய் கிளியோபூலேயை 80 மினாச் சீதனத்தோடு அஃபோபஸ் மணக்கவேண்டும் என்பது தகப்பன் செய்துவைத்த ஏற்பாடு. அந்த ஆள் வீட்டுக்குள் வந்தான், அவளுடைய பொன்நகைகளையும் கிண்ணங்களையும் எடுத்துக்கொண்டான், தாலி மட்டும் கட்டவில்லை என்று நம் பேச்சில் சொல்லலாம். எடுத்தவற்றின் பெறுமதி ஏறக்குறைய 50 மினா, அதாவது 5000 திராக்மா. நாளுக்கு ஒரு திராக்மா பெறும் கூலியாளுக்கு 13 ஆண்டுக்கு மேற்பட்ட உழைப்பு. கி.மு. 364ஐ ஒட்டி, வளர்ந்த மகன் வழக்காடி வென்றான். நகைக்கு உரியவளுக்கு நீதிமன்றில் வாய் திறக்க இடமில்லை. அது தோடா, சங்கிலியா என்றுகூட மகன் சொல்லவில்லை, விலைதான் பதிவாகியிருக்கிறது. உடுவில் கிழவி ஒருத்தியிடம் கேட்டுப்பாருங்கள்: எத்தனை பவுண், எந்தப் பத்தர் செய்தது, யாருடைய கலியாணத்துக்கு உருக்கியது எல்லாம் வரிசையாக வரும்.

அந்த உருக்கலால் நம்மிடம் பழைய நகை மிஞ்சுவதில்லை. கிரேக்கர் இறந்தவரோடு பொன்னையும் புதைத்தார்கள். 1977இல் வெர்கினாவின் அரச கல்லறையில் ஓக் இலைப் பொன்முடி அப்படித்தான் அகப்பட்டது. நாங்கள் கழற்றிவிட்டுத்தான் எரிக்கிறோம். உடுவிலை அடுத்த கந்தரோடை மண் உரோம நாணயம் வரை தந்திருக்கிறது. அந்தக் காலத்துப் பெண்களின் பொன், கைமாறிக் கைமாறி இன்று யாருடைய கழுத்தில் கிடக்கிறதோ!

1995 ஒக்டோபர் 30 இரவு, போர் நெருங்க, உடுவிலும் சேர்ந்த வலிகாமமே மழைக்குள் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. உறுதிக் கட்டு பெட்டிக்குள் வந்தது, காணி வரவில்லை. இடுப்பில் முடிந்துவந்த நகைதான் தென்மராட்சியில் அரிசியாகவும் கொட்டிலுக்குக் கிடுகாகவும் மாறியது. அதற்கு யாருடைய கையெழுத்தும் வேண்டியிருக்கவில்லை.